பிரைட்ஸில்லா: மணப்பெண்ணின் பின்னால் ஒரு திமிங்கல வால்

கேள்வி: கல்யாண ஏற்பாட்டில் எல்லோரையும் ஆட்டிப்படைக்கிற மணப்பெண்ணை 'பிரைட்ஸில்லா' என்கிறார்களே, 1998இல் வந்த ஹாலிவுட் காட்ஸில்லா படம் பார்த்துக் கிளப்பிவிட்டதா?

பதில்: சொல் அதற்கும் மூத்தது. 1995லேயே அமெரிக்காவின் 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் அச்சாகிவிட்டது. 2004இல் இந்தப் பெயரிலேயே அங்கே ஒரு டிவி ரியாலிட்டி ஷோ தொடங்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா!

கேள்வி: 'ஸில்லா' என்பது விகுதியா சார்?

பதில்: வேடிக்கையே அதில்தான். ஆங்கிலத்தில் அப்படி ஒரு விகுதி இருந்ததில்லை. காட்ஸில்லாவிலிருந்து நறுக்கிய வால் அது. 1954இல் ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த படத்தில் ஊரைத் துவம்சம் செய்கிற ராட்சத மிருகத்தின் பெயர் 'கோஜிரா'. கொரில்லாவை ஜப்பானியர் 'கொரிரா' என்பார்கள், திமிங்கலத்தை 'குஜிரா' என்பார்கள். முன்னதன் தலையும் பின்னதன் வாலும் சேர்ந்து கோஜிரா. அமெரிக்கா போனதும் காட்ஸில்லா. அதை மறுபடி வெட்டியபோது கத்தி எங்கே விழுந்தது பாருங்கள்: கொரில்லாவின் 'கோ' போய்விட்டது, மணப்பெண்ணோடு ஒட்டிக்கொண்டது திமிங்கலத்தின் 'ஜிரா'!

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் தருகிற மொஸில்லாவும் இந்த வகையறாவா?

பதில்: அதே வால்தான். முன்பாதி, மொஸைக் என்ற பழைய பிரவுசர்.

கேள்வி: இப்படி ஒட்டுப்போடுவது இந்தக் காலத்துச் சேட்டைதானே?

பதில்: பியூட்டி பார்லர் போர்டில் 'பிரைடல் மேக்கப்' என்று இருக்குமே, அந்த 'பிரைடல்' ஆயிரம் வருஷத்து ஒட்டு. மணப்பெண்ணையும் 'ஏல்' என்ற பீரையும் சேர்த்த சொல். பொருள், கல்யாண விருந்து. 'ராயல்', 'நேஷனல்' மாதிரி காதில் விழுந்ததால் பிற்பாடு பெயரடையாக்கிவிட்டார்கள். மேக்கப் போடுகிறவர்களுக்கு இந்த பீர் விஷயம் தெரியாது, பாவம்.

கேள்வி: மாப்பிள்ளை அட்டகாசம் பண்ணினால்?

பதில்: 'க்ரூம்ஸில்லா' உண்டு. ஆனால் அவ்வளவாக எடுபடவில்லை. திட்டுவதற்குப் பெண்தான் தோதாக இருக்கிறாள் போல.

கேள்வி: தமிழில் ஒரு சொல் உண்டாக்கித் தாருங்களேன் ஐயா.

பதில்: ஒட்டுவது நமக்கும் வரும், தமிழையும் ஆங்கிலத்தையும் ஒட்டி 'தமிங்கிலம்' என்கிறோமே. ஆனால் நம் கல்யாணங்களில் ஆட்டிப்படைப்பது மணப்பெண்ணா? இலையில் அப்பளம் விழவில்லை என்று பந்தியிலிருந்து எழுந்து நிற்கிறாரே மாப்பிள்ளையின் சித்தப்பா, முதலில் அவருக்கு ஒரு பேர் வையுங்கள்.