வில்லங்கம் இல்லை என்றால் போதுமா?

கே: சென்னைப் புறநகரில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். 30 வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. பட்டாவும் விற்பவர் பெயரில்தான். முன்பணம் கொடுத்துவிடலாமா?

ப: பொறுங்கள். வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான ஆவணங்களை மட்டுமே. பதிவு செய்யாத உயிலும், பதிவாகாத விற்பனை ஒப்பந்தமும் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் தெரியாது. பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது மட்டுமே உரிமையை நிரூபிக்காது. தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) இன்றைய பத்திரம் வரை உரிமை அறுபடாமல் வருகிறதா என்று வழக்கறிஞர் ஒருவர் வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அறுபடுவது பெரும்பாலும் வாரிசுரிமையில். தந்தை உயில் எழுதாமல் இறந்திருக்க, மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்றிருப்பார்கள். மகள்களின் பங்கு அப்படியே நிற்கும். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பத்திரத்தின் கையெழுத்துகளோடு ஒப்பிடுங்கள். மைனரின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றிப் பெற்றோர் விற்றிருந்தால், 18 வயது முடிந்தபின் 3 ஆண்டுகளுக்குள் அவர் அந்த விற்பனையை எதிர்க்கலாம். பவர் ஏஜென்ட் (உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரத்தில் செயல்படுபவர்) விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் பத்திரப் பதிவு நாளில் உயிரோடு இருக்க வேண்டும். அவரை நேரில் பார்த்துப் பேசிவிடுவதே நல்லது.

அசல் பத்திரங்களையும் கேளுங்கள். நகல் மட்டுமே கிடைக்கிறது என்றால், அசல் ஏதாவது வங்கியில் அடமானமாக இருக்கலாம்.

கே: மனை ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. "பட்டா நிலம்தான், பயப்படாதீர்கள்" என்கிறார் தரகர்.

ப: இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சேமிப்பை இழக்கிறார்கள். புல எண்ணை (சர்வே எண்) வைத்து, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு என்று இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அதை உங்கள் நிலமாக்காது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

இன்றைய பதிவேட்டோடு நிறுத்தாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது (யு.டி.ஆர்.) பதிவேட்டில் புகுந்த பிழைகள் இன்றும் தொடர்கின்றன. அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் வாங்கி ஒப்பிடுங்கள். பிறகு புலப்படத்தோடு (புல எண்ணுக்கான அளவை வரைபடம்) நிலத்தில் இறங்கி நடந்து பாருங்கள். படத்தில் ஓடும் வாய்க்கால் நிலத்தில் காணோம் என்றால் அதைத் தூர்த்துவிட்டார்கள். மழையில் தண்ணீர் அதே தடத்தில்தான் வரும்.

பட்டா உண்மையாகவே இருந்தாலும், ஏரி நிரம்பும்போது முழுகும் பட்டா நிலங்களும் உண்டு. கூகுள் எர்த்தில் 2015 வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் தேடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம், தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது என்று கேளுங்கள். மனையில் ஐந்தடி ஆழம் தோண்டிப் பார்ப்பதும் அவசியம். கட்டட இடிபாடும் குப்பையும் வந்தால் அது நிரப்பிய பள்ளம்; அஸ்திவாரம் சீரற்று இறங்கும்.

கே: ஊராட்சி மன்றத் தலைவர் கையெழுத்திட்ட மனை வரைபடம் செல்லுமா?

ப: செல்லாது. மனைப்பிரிவுக்கு சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ. (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டும் புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் அதன் இணையதளத்தில் சரிபாருங்கள்.

கே: ஆழ்துளைக் கிணற்று நீர் தெளிவாக இருக்கிறது. பரிசோதனை தேவையா?

ப: கட்டாயம் தேவை. நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கண்ணுக்குத் தெரியாது. பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் நீர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமும் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. கொதிக்கவைத்தால் இவை போகாது. நீர் வற்றி அடர்த்தி கூடும். தோல் தொழிற்சாலைப் பகுதி என்றால் குரோமியம் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். அதை வழக்கமான பட்டியலில் பார்க்க மாட்டார்கள்.