இரண்டு மணி நேர ஸ்பின்னிங் வகுப்புக்கு எப்படித் தயாராவது?

எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் 45 நிமிட ஸ்பின்னிங் (பாட்டுக்கு ஏற்ப, நகராத சைக்கிளை மிதிக்கும் உடற்பயிற்சி) வகுப்புக்குப் போகிறீர்கள், அடுத்த மாதம் உங்கள் ஜிம்மில் இரண்டு மணி நேர வகுப்பு வருகிறது, சேரலாமா, எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எட்டு மாதப் பழக்கம் இருந்தால் தாராளமாகச் சேரலாம். ஒரு மாதமும் போதும். எப்படிப் போகக்கூடாதோ அப்படியே முதல் தடவை போனவள் நான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனில். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள்தான் இந்த ஊர்த் தமிழர்கள். பலருக்குத் தமிழ் விட்டுப்போய்விட்டது, ஆனால் புரட்டாசி விடவில்லை. மாதம் முழுக்கக் கறி தொடாத வீடுகளை நான் ஊரில் பார்த்ததைவிட இங்கேதான் அதிகம் பார்த்தேன். அவர்களே இருக்கும்போது எனக்கென்ன என்று நானும் புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஜிம்மின் இரண்டு மணி நேர வகுப்பு வந்து விழுந்ததும் 2022 அக்டோபரில் அப்படி ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. வெறும் வயிறு, அரை லிட்டர் பாட்டில் ஒன்று, தினமும் ஓட்டுவதுதானே என்ற தெனாவெட்டு. இவ்வளவுதான் என் தயாரிப்பு.

முதல் முக்கால் மணி நேரம் என்னைப் பிடிக்க ஆளில்லை. ஐம்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனது. இங்கே லோட் ஷெட்டிங் பாடாய்ப்படுத்திய வருடம் அது. ஸ்பின்னிங் சைக்கிளுக்குக் கரண்ட் வேண்டாம் என்பதால் வகுப்பு நிற்கவில்லை. ஃபேனும் பாட்டும்தான் நின்றன. டர்பன் கடலோர ஊர், காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? இங்கே அது வழிந்துகொண்டே இருக்கும், காயாது. எண்பதாவது நிமிட வாக்கில் கை நடுங்கியது, காது அடைத்தது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. டிரெய்னர் இறங்கி வந்து, "ஆன்ட்டி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார். (அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். இந்த ஊரில் யாரும் யாருக்கும் ஆன்ட்டிதான்.) நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து சைக்கிள் அக்கா ஒரு டப்பாவைத் திறந்து, உப்புப் போட்டு அவித்த குட்டி உருளைக்கிழங்கு இரண்டை என் கையில் திணித்தார்.

அந்த அக்கா காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1921இல் தொடங்கிய ஓட்டம். வழிநெடுக மேசை போட்டு உப்பு உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் கொடுப்பார்கள். அன்று நான் மிச்ச நேரத்தை, பெடலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் தளர்த்திவிட்டு ஒப்புக்கு மிதித்து முடித்தேன். வெளியே வந்து அக்கா சொன்னது இது: "உன் கால் நன்றாகத்தான் இருந்தது. வயிறுதான் காலி."

ஆக, முதலில் சாப்பாடு. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து, ஓரளவு கடுமையாக மிதித்தால், சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு வரும். 45 நிமிட வகுப்பில் நாம் அதன் அடியைத் தொடுவதே இல்லை, அதனால் வெறும் வயிற்றோடு போனாலும் தப்பித்துவிடுகிறோம். நீண்ட வகுப்பில் அந்தக் கணக்கு செல்லாது. முந்தின இரவு வழக்கம்போலச் சோறு சாப்பிடுங்கள், கூடவே எண்ணெயில் பொரித்தது எதுவும் வேண்டாம். வகுப்புக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பு நாலு இட்லி, அல்லது ஜாம் தடவிய வெள்ளை ரொட்டி. பருப்பு, கீரை, சுண்டல், நிறையத் தேங்காய்ச் சட்னி எல்லாம் நல்லவைதான், அன்று காலை மட்டும் வேண்டாம். வயிற்றில் கிடந்து புரளும். விடியற்காலை வகுப்பு, அவ்வளவு சீக்கிரம் எழ முடியாது என்றால் முக்கால் மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமாவது போகட்டும்.

வகுப்புக்கு நடுவிலும் சாப்பிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம், 150 கிராம் அவித்த உருளைக்கிழங்கில் சுமார் 30 கிராம். கடையில் விற்கும் எனர்ஜி ஜெல்லும் (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) வேலை செய்யும். எனக்கு அந்தத் தித்திப்பு ஆகாது, உருளைக்கிழங்கோடும் பேரீச்சம்பழத்தோடும் நிறுத்திக்கொண்டேன். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள். நாற்பதாவது நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடத்துக்கு ஒரு வாய். எதைச் சாப்பிடப்போகிறீர்களோ அதைப் பயிற்சி நாட்களிலேயே ஓட்டிக்கொண்டே சாப்பிட்டுப் பாருங்கள். பெரிய நாளன்று புது உணவு, புது ஷூ, புது டிரவுசர் எதுவும் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுவிடுங்கள், நீண்ட நேரம் மிதித்தால் சர்க்கரை இறங்கும்.

தண்ணீருக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. (தண்ணி என்றதும் இங்கே பலருக்கு நினைவுக்கு வருவது துனி என்ற சீட்டாட்டம். நம் தண்ணிதான் அப்படி ஆனது என்பார்கள்.) ஒரு மணி நேரம் ஓட்டும் நாளில் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு மணிக்கு 1.1 லிட்டர் வந்தது. நான் கொண்டுபோனதோ இரண்டு மணி நேரத்துக்கு அரை லிட்டர்! அதற்காக இழந்தது முழுவதையும் குடித்தே தீர வேண்டும் என்பதில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் மணிக்கு 600, 700 மில்லி குடிக்கிறேன். இரண்டு பாட்டில், ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை, சர்க்கரை, கொஞ்சம் உப்பு. வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைசுற்றல், வாந்தி வரை கொண்டுபோகும்.

அடுத்தது உட்காரும் இடம். சங்கடமான விஷயம், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு உங்கள் கவனம் முழுக்க அங்கேதான் இருக்கும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உரசும் இடத்தில் வாசலின். சீட்டின் உயரம் பக்கத்தில் நின்றால் இடுப்பெலும்பு மட்டத்தில் இருக்கட்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் எழுந்து மிதித்தால் மரத்துப்போகாது.

பயிற்சி அதிகம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளை மட்டும் நீட்டுங்கள்: முதல் வாரம் 60 நிமிடம், அடுத்தது 75, மூன்றாவது வாரம் 90. வகுப்பு முடிந்தும் இறங்காமல் தொடர்ந்து மிதித்தால் ஆயிற்று, உடனே அடுத்த வகுப்பு இல்லாத நாளாகப் பாருங்கள். கடைசி வாரம் இலேசாக. முழு இரண்டு மணி நேரத்தை முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கஷ்டமே வேகத்தில்தான். 45 நிமிட வகுப்பு நம்மை முழுவதையும் கொட்டப் பழக்கியிருக்கிறது. பாட்டு ஏறினால் கையும் தானாகக் குமிழைத் திருகும். முதல் முக்கால் மணி நேரம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவில்தான் மிதிக்க வேண்டும். டிரெய்னர் ஒரு சுற்றுக் கூட்டச் சொன்னால் நான் அரைச் சுற்றுக் கூட்டுவேன். அவர் பார்க்க மாட்டார், பார்த்தாலும் திட்ட மாட்டார். ஸ்பின்னிங்கை உருவாக்கிய ஜானி கோல்ட்பெர்க் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்தவர். நாள் கணக்கில் மிதிக்கிறவருக்காகப் பிறந்த சைக்கிளை நாம்தான் முக்கால் மணி நேர ஆட்டமாக ஆக்கிக்கொண்டோம்.

முடிந்ததும் சட்டென்று இறங்காதீர்கள், ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். பத்து நிமிடம் இலேசாக மிதித்துவிட்டு இறங்குங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், தொடை வீங்கி வலித்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. பழக்கமே இல்லாமல் நேராக இப்படிப்பட்ட வகுப்பில் குதித்தவர்களுக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு எட்டு மாதப் பழக்கம் இருப்பதால் பயப்பட வேண்டாம், தெரிந்து மட்டும் வைத்திருங்கள்.

அப்புறம் ஒன்று, அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பாத்ரூம் போய்விட்டு வந்து நல்ல சைக்கிளாகப் பிடிக்கலாம். எல்லாரும் ஃபேனுக்கு நேர் கீழே ஓடுவார்கள். 2023இல் இரண்டாம் தடவை போனபோது நானும் அக்காவும் ஜன்னல் ஓரத்தைப் பிடித்தோம். கரண்ட் போனாலும் கடல் காற்று வரும்.