இலங்கைக்குக் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

எனக்கு ஊர் தர்மபுரி. கொழும்பில் ஒரு கிரானைட் கடையில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன், லீவு கிடைத்தால் பஸ் ஏறிவிடுவேன். இலங்கை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகிவிட்டது, அவ்வளவு கேள்விகள். கேட்டவர்களின் ஊர்ப் பேரைப் போட்டு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு: அஞ்சு நாள் லீவு இருக்குங்கண்ணா. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், திருகோணமலை எல்லாம் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், பஸ் ஜன்னல் வழியாக. மேப்பில் சின்ன தீவுதான், ஆனால் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருக்கிற 115 கிலோமீட்டருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும், கிருஷ்ணகிரி நாலுவழிச் சாலையில் பறந்த கணக்கை அங்கே போடாதீர்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று பார்த்துப் பாதித் தீவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் மழை, அப்போது யாழ்ப்பாணம், திருகோணமலை போகலாம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை என்றால் தெற்கே கடலோரத்துக் காலி நகரம், கண்டி, மலையில் இருக்கிற எல்ல என்கிற ஊர்ப் பக்கம். ஜூலை, ஆகஸ்டில் போனால் யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை.

அரூர்: அம்மா சுத்த சைவம். சாப்பாட்டுக்குப் பிரச்சினை வருமா?

வரும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் வராது. இடியாப்பம், ஆப்பம், பிட்டு, சொதி என்று இலையைப் பார்த்தால் நம்ம வீடு மாதிரியே இருக்கும். பக்கத்தில் சிவப்பாக ஒரு தேங்காய்ச் சம்பல் வைப்பார்கள் பாருங்கள், அதில்தான் மாசி. மாசி என்றால் சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் கல் மாதிரி காயவைத்தது, அதை இடித்துச் சம்பலில், பருப்பில், காய்கறியில்கூடத் தூவிவிடுவார்கள். சிங்களக் கடைகளில் 'வெஜிடேரியனா' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அவர்கள் கணக்கில் மாசி ஒரு மசாலா! மாசிக்குச் சிங்களத்தில் உம்பலகட. அதனால் 'உம்பலகட போட்டிருக்கிறதா' என்று அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்கள். நான் முதல் மாதம் முழுக்கச் சைவச் சம்பல் என்று நினைத்துச் சாப்பிட்டேன், எனக்குப் பரவாயில்லை, உங்கள் அம்மாவுக்குக் கஷ்டம். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் தங்கினால் தமிழ்ச் சைவக் கடைகள் இருக்கின்றன, கவலை இல்லை.

இன்னொன்று. டீக்கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, மீன் பன் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்படாதீர்கள், எடுத்ததற்கு மட்டும்தான் காசு.

பென்னாகரம்: அப்பாவுக்குத் தினமும் களி வேணும். சிரிக்காதீங்கண்ணா.

எதற்குச் சிரிக்கப் போகிறேன்? நானும் அதே கேஸ்தான். கேழ்வரகுக்கு அங்கே குரக்கன் என்று பேர். குரக்கன் பிட்டு, குரக்கன் ரொட்டி கிடைக்கும், சிங்களக் கிராமத்துப் பக்கம் 'குரக்கன் தலப' என்று ஒன்று கிண்டுவார்கள், அது நம்ம களியேதான், உருண்டை கொஞ்சம் சின்னது. தொட்டுக்கொள்ளத்தான் கீரைக் குழம்பு இல்லை, மீன் குழம்பு. அப்பாவுக்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டி: தாத்தாவோட அக்கா குடும்பம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாங்களாம். தேட முடியுமா சார்?

தோட்டத்தின் பேர் தெரிந்தால் முடியும். அப்போது நம்ம பகுதி எல்லாம் சேலம் மாவட்டம், அங்கிருந்து கங்காணிகள் என்கிற ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் ஏராளமானவர்களைக் கூட்டிப்போனார்கள். முதலில் காப்பித் தோட்டம்தான். 1869இல் இலை நோய் வந்து காப்பி அழிய ஆரம்பித்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை ஆனது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு நிறையப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள், அதனால் உங்கள் சொந்தம் இப்போது நீலகிரியில்கூட இருக்கலாம், அங்கேயும் விசாரியுங்கள். தோட்டங்களுக்கு ஆபீஸ் காகிதத்தில் ஆங்கிலப் பேர், ஜனங்கள் வாயில் வேறு தமிழ்ப் பேர். வீட்டில் பெரியவர்கள் சொல்கிற பேர் எது என்று முதலில் கேட்டு வையுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற வரிசை வீடுகளான லயத்து வீடுகளுக்குப் போனால் தேங்காய் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் தராமல் விடமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கிருஷ்ணகிரி: சிகிரியா ஏறணுமா, கண்டி போதுமா?

நம்ம கோட்டை மலையை ஏறியவருக்குச் சிகிரியா பாறைக் கோட்டை ஒன்றும் இல்லை, ஏறக்குறைய 1,200 படி. காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும், குளவி வேறு. காசு மிச்சம் பண்ண வேண்டும் என்றால் எதிரே பிதுரங்கல குன்று. சிகிரியாவை முழுசாகப் பார்க்க அதுதான் சரியான இடம், சிகிரியா மேல் நின்றால் சிகிரியா தெரியாது இல்லையா.

கண்டியில் பழைய அரண்மனை வளாகத்தில் இருக்கிற தலதா மாளிகை, அதாவது புத்தரின் பல்லை வைத்திருக்கிற கோயில், கட்டாயம் பாருங்கள், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி மட்டும் வேண்டாம், அங்கே அதைப் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி. 1815இல் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து, நமக்குப் பக்கத்தில் இருக்கிற வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவருடைய சமாதிதான். கண்டி போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த அரண்மனையில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

ஓசூர்: விசா, பணம், ஃப்ளைட்?

விசா விதி அடிக்கடி மாறுகிறது, அரசு இணையதளத்தில் பாருங்கள், ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து யூபிஐ வந்துவிட்டது, ஆனாலும் கையில் நோட்டு வேண்டும். ஃப்ளைட் பெங்களூரிலேயே ஏறலாம், ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி போய்ச் சேர்வதுதான் கொழும்பு போவதைவிடக் கஷ்டம்.

காரிமங்கலம்: அங்கே தமிழ் தெரிஞ்சா போதுமா?

வடக்கு, கிழக்கு, மலையகத்தில் போதும். ஆனால் யாழ்ப்பாணத்தில் 'உங்க அப்பாகிட்ட பேசினேன்' என்று சொல்லாதீர்கள், திட்டினேன் என்று அர்த்தமாகிவிடும். 'கதைத்தேன்' என்று சொல்ல வேண்டும். நான் வீட்டுக்காரரிடம் வாடகை பற்றி 'நாளைக்கு வந்து பேசுறேன்' என்றேன், மனிதர் இரவு முழுக்கத் தூங்கவில்லையாம்.