வாசகர் கேள்வி பதில்: பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள்ள போகலாமா?

கேள்வி: அக்கா, எங்க தெருவுல எல்லார் வீட்டுக் கொல்லையிலயும் ஏதாவது செடி கொடி இருக்கு. ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாரும் படலைத் தொறந்து வச்சு, ஒருத்தர் தோட்டத்த ஒருத்தர் போய்ப் பாக்கலாம்னு பேசி வச்சிருக்கோம், லண்டன்ல இருக்குற எங்க நாத்தனார் சொன்ன ஐடியா. ஆனா மாமியார் கண்ணு பட்டுரும்னு ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க. எப்ப வைக்கிறது, காசு வாங்கலாமா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: தாராளமா வைங்கம்மா. மாமியார்கிட்ட வாதாடாதீங்க, சுண்ணாம்புப் புள்ளி வச்ச பானை ஒண்ண தோட்டத்து நடுவுல அவங்க கையாலயே கம்புல கவுத்து வைக்கச் சொல்லுங்க, மனசு சமாதானமாயிட்டா அவங்களே முன்னால நின்னு சுத்திக் காட்டுவாங்க.

தை மாசம் வைங்க. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு கெணத்துல தண்ணி மேல நிக்கும், அவரைப் பந்தல் நெறஞ்சிருக்கும். மல்லிப்பூவத்தான் காட்டணும்னா பங்குனி வரைக்கும் காத்திருக்கணும். ஆனி ஆடியில மட்டும் வேணாம், கச்சான் காத்து மண்ண வாரி மூஞ்சியில அடிக்கும்.

முக்கியமான விஷயம் ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு பூவையும் காயையும் பாத்துட்டு வந்துராதீங்க, ஒவ்வொரு வீட்டுலயும் கெணத்தடிக்குப் போங்க, ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சுப் பாருங்க. நம்ம கரையில ஒரு வீட்டுக் கெணறு இனிக்கும், நாலு வீடு தள்ளி வாயில வைக்க முடியாது. மணல்ல எறங்குற மழைத்தண்ணி, கனமான கடல் தண்ணிக்கு மேல மெதந்துதான் நிக்குது, கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா கீழ ஏறக்குறைய 40 அடி இருக்கும்னு கணக்கு. அப்ப மேல உள்ள ஒரு அடிய மோட்டார் போட்டு உறிஞ்சிட்டா என்ன ஆகும், கீழ இருந்து உப்பு ஏறி வந்துரும். ஆழமா போர் போட்ட வீட்டுல கொய்யா இலையத் திருப்பிப் பாருங்க, நடுவுல பச்சையா இருக்கும், ஓரம் மட்டும் நெருப்புல காட்டுன மாதிரி தீஞ்சிருக்கும். ஆழமில்லாத கெணத்துல வாளியால மொண்டு ஊத்துற வீட்டுல அதே கொய்யா தளதளன்னு நிக்கும், மரத்தடியில தேங்காமட்டையப் பொதைச்சு ஈரத்தப் புடிச்சு வச்சிருப்பாங்க. எத்தன அடி கெணறு, வாளியா மோட்டாரா, எப்ப இருந்து உப்பு தட்டுச்சு, இதெல்லாம் கேட்டு தெரு முழுக்க ஒரு நோட்டுல எழுதி வைங்கம்மா, அடுத்து யாராவது போர் போடப் போறப்ப அந்த நோட்டு ஒதவும்.

காசு? உங்க நாத்தனார் இருக்குற நாட்டுல 1927-ல இப்படித் தோட்டத்தத் தொறந்து விட்டதே வீடு வீடாப் போய் நோயாளியப் பாக்குற நர்ஸுங்களுக்கு நிதி சேக்கத்தான், ஆளுக்கு ஒரு ஷில்லிங், மொத வருஷமே 609 தோட்டம் தொறந்தாங்க. நீங்களும் ஒரு உண்டியல் வைங்க, எதுக்குன்னு முன்னாடியே சொல்லிருங்க. பரிசு, போட்டின்னு மட்டும் போயிராதீங்க, அப்புறம் தெருவுல பேச்சுவார்த்தை நின்னுரும்.

கேள்வி: கேக்காம ஒடிச்சு வச்சாத்தான் செடி நல்லா வரும்னு சொல்றாங்களே, பாக்கப் போற எடத்துல ஒரு குச்சி எடுத்துக்கலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: வேணாம் தம்பி. நம்பி படலைத் தொறந்து விட்டவங்க மனசு நோகும். அதோட, கேட்டு வாங்குனாத்தான் எந்தக் கெளைய எடுக்கணும், எப்ப நடணும்னு அவங்க சொல்லுவாங்க, தங்கச்சிமடத்து மல்லி நாத்து இத்தன ஊருக்குப் போய்த் தழைக்குதுன்னா அதுக்குப் பின்னால அந்தக் கைப்பக்குவம் இருக்கு. குடுக்குறவங்களும் ஒண்ணு பாக்கணும்: செம்பருத்திக் கொழுந்து சுருண்டு கொத்தா நின்னா, உள்ள வெள்ளையா மாவு மாதிரி அப்பியிருந்தா அது மாவுப்பூச்சி. அந்தக் குச்சிய யாருக்கும் குடுக்காதீங்க, ஒரே நாள்ல தெரு பூரா பரவிரும்.

கேள்வி: எங்க உம்மா வச்ச மருதாணியும் மாதுளையும் வீட்டுக்குப் பின்னால பொம்பளைங்க பொழங்குற எடத்துல இருக்கு. கலந்துக்கவும் ஆசை, கூச்சமாவும் இருக்கு.
– வாசகி, கீழக்கரை

பதில்: உங்க வீடு, நீங்க வச்சதுதான் சட்டம்மா. அசர் தொழுகைக்கு அப்புறம் ஒரு மணி நேரம் பொம்பளைங்களுக்கு மட்டும்னு சொல்லிருங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. போட்டோ எடுக்கக் கூடாதுன்னும் வாசல்லயே சொல்லிருங்க, வர்றவங்க போனை திண்ணையில வச்சுட்டு உள்ள வரட்டும். அதுவும் தோதுப்படலைன்னா நாலு மருதாணிக் கன்னுகளத் தொட்டியில வச்சு திண்ணைக்குக் கொண்டு வந்துருங்க, கேக்குறவங்களுக்கு அங்கேயே குடுத்து அனுப்பலாம்.