எந்த ஏரியில் தூண்டில் போடலாம்?

கேள்வி: ஜூலையில் சிகாகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மருமகன் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, மினாக்வா பக்கம் ஒரு வாரத்துக்கு ஏரிக்கரை வீடு எடுத்திருக்கிறார். தர்மபுரி பக்கம் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்து வளர்ந்தவன் நான். பேரப்பிள்ளைகளுக்கும் தூண்டில் பழக்க ஆசை. பெரிய மீன் வேண்டாம், அடிக்கடி கடித்தால் போதும். நூற்றுக்கணக்கில் ஏரிகள் இருக்கிறதாமே, எதற்குப் போவது?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: வேலை விஷயமாக மில்வாக்கியில் இருந்த காலத்தில், கோடை விடுமுறை என்றால் நான் காரை விடுவது அந்தப் பக்கம்தான். உங்கள் கடிதம் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம், சார்.

உங்களுக்கு வேண்டியது அங்கே பான்ஃபிஷ் என்று மொத்தமாகச் சொல்லும் மீன்கள்: புளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி, மஞ்சள் பெர்ச். புளூகில் நம் ஜிலேபிக் கெண்டை மாதிரித் தட்டையாக, உள்ளங்கை அகலம் இருக்கும். வாய் ரொம்பச் சின்னது. ஆகவே 8 அல்லது 10ஆம் நம்பர் முள், சின்னத் தக்கை, துண்டு மண்புழு போதும்.

பெயர் பெற்ற ஏரிகளைத் தேடிப் போகாதீர்கள். ட்ரவுட் லேக் பார்க்க அத்தனை அழகு. ஆனால் நூறு அடிக்கு மேல் ஆழம், தெளிந்த குளிர்ந்த தண்ணீர், பிள்ளைகளின் தக்கைக்கு அங்கே வேலை இல்லை. ஊரை ஒட்டிய பெரிய ஏரிகளிலோ ஜூலையில் மோட்டார் படகுகள் ஓயாது. மினாக்வாவைச் சுற்றியுள்ள அரசுக் காட்டுக்குள்ளேயே 900க்கு மேல் ஏரிகள் உண்டு. அவற்றில் கையால் படகைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கும்படியான சின்ன ஏரிகள்தான் என் தேர்வு.

மாநில இயற்கை வளத்துறையின் இணையதளத்தில் ஏரியின் பெயரைப் போட்டால் பரப்பு, அதிகபட்ச ஆழம், படகுத்துறை, எந்த மீன் எவ்வளவு என்று எல்லாம் வரும். அதிகபட்ச ஆழமே பத்து அடிகூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பனிக்காலத்தில் மேலே உறைந்து, அடியில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்துப்போகிற ஆபத்து அங்கே அதிகம். புளூகில் ஏராளம் என்று போட்டிருந்தால் அவை விரல் நீளப் பொடியாக இருக்க வாய்ப்புண்டு. முதல் நாள் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப் போக வேண்டும், கை ஓயாது. வறுக்கிற அளவு மீன் வேண்டுமென்றால் பாஸ், வால்ஐ (walleye) போன்ற வேட்டை மீன்களும் நன்றாக உள்ள ஏரியைப் பாருங்கள். அவை பொடியைத் தின்று குறைப்பதால் மிச்சமுள்ளவை இரை கிடைத்துப் பெரிதாக வளரும்.

அப்புறம் புழு வாங்கும் கடையில் கேளுங்கள். "நல்ல ஏரி எது?" என்றால் பொதுவாக ஒரு பதில்தான் வரும். "சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கரையிலிருந்தே போட வேண்டும், எட்டு அங்குல புளூகில் எங்கே?" என்று கேட்டால் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

ஜூலையில் முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்து, பெரிய மீன்கள் கரையை விட்டு விலகிவிடும். நீர்ப்பாசிகள் முடிந்து ஆழம் தொடங்கும் ஓரத்தில், எட்டிலிருந்து பதினைந்து அடி ஆழத்தில் தேடுங்கள். அந்த ஏரிகளில் கோடையில் வெதுவெதுப்பான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் தனித்தனியாக நிற்கும், அடித்தட்டில் பல சமயம் ஆக்சிஜன் போதாது. முள்ளைத் தரை வரை இறக்கிப் பலனில்லை. காலையும் மாலையும் நல்ல நேரம்.

புளூகில் தக்கையைச் சட்டென்று முழுக்காது. இரண்டு மூன்று துடிப்பு, சுற்றிலும் சின்ன வளையங்கள், பிறகு தக்கை சாய்ந்து பக்கவாட்டில் நகரும். பிள்ளைகள் முதல் துடிப்பிலேயே இழுப்பார்கள். நகரும்வரை அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமம் கட்டாயம். வெளிமாநிலத்தவருக்கு 4 நாள், 15 நாள் உரிமங்கள் உண்டு, இணையத்திலேயே வாங்கலாம். பொதுவாக ஒருவர் ஒரு நாளில் எல்லாவகை பான்ஃபிஷும் சேர்த்து 25 வைத்துக்கொள்ளலாம். சில ஏரிகளில் ஒரு வகையில் 10 அல்லது 5தான், போகுமுன் பார்த்துவிடுங்கள்.

25 வரை வைத்துக்கொள்ளலாமே என்று எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டாம், சார். அந்தக் குளிரில் ஒரு புளூகில் எட்டு அங்குலம் வளர ஆறேழு வருடமாவது ஆகும். கூட்டைக் காவல் காப்பவை பெரிய ஆண் மீன்கள். அவற்றையே பிடித்துத் தீர்த்தால் மிச்சமுள்ள ஆண்கள் சின்ன அளவிலேயே பருவத்துக்கு வந்து வளர்ச்சி நின்றுபோகும், ஏரியே பொடியாகிவிடும். ஏழு அங்குலத்தில் நாலைந்து எடுத்துக்கொண்டு பெரியவற்றைத் திருப்பி விடுங்கள். ஈயக்குண்டும் வேண்டாம். அங்குள்ள லூன் பறவைகள் அதை விழுங்கிச் செத்துப்போகின்றன. தகரக்குண்டு கிடைக்கும்.

மீன்களில் பாதரசம் பற்றி மகள் கேட்டால், பிள்ளைகளுக்கும் அவருக்கும் வாரம் ஒரு வேளை பான்ஃபிஷ் சாப்பிடலாம் என்பது மாநில அரசின் பொது அறிவுரை. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வறுக்க மஞ்சளும் மிளகாய்த்தூளும் சிகாகோவிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.