ஷோபாவைப் பற்றிக் கேட்டீர்கள்

கேள்வி: 'பசி' படத்துக்கு முன்னால் நடிகை ஷோபாவை யாருக்கும் தெரியாது என்கிறார்களே, உண்மையா? – தஞ்சாவூர்த் தம்பி ஒருவர்

தெரியாமல் என்ன தம்பி! 1966-ல் சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்திலேயே குழந்தையாக வந்துவிட்டார். அப்போது பேபி மகாலட்சுமி; மகாலட்சுமிதான் இயற்பெயர். பிறகு மலையாளத்தில் சிறுமி வேடங்கள். நாயகியாக என்று எண்ணினால், 1977 அக்டோபரில் வந்த கன்னட 'கோகிலா'விலிருந்து 1980 மே வரை. மூன்று வருஷம்கூட முழுசாக இல்லை. அதற்குள் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று நாலு மொழி பார்த்துவிட்டார்.

கேள்வி: 'முள்ளும் மலரும்' ரஜினி படம்தானே? ஷோபாவுக்கு அதில் என்ன வேலை?

கடைசிக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். ஊரே இன்ஜினீயர் மாப்பிள்ளை பக்கம். அண்ணன் காளி, அதாவது ரஜினி, தனியாக நிற்கிறான். தங்கை வள்ளி, அதாவது ஷோபா, எல்லோரோடும் நடந்து போகிறாள். போகிறவள் நிற்கிறாள், திரும்பி அண்ணனை நோக்கி ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். பேச்சு பெரும்பாலும் ரஜினிக்குத்தான். ஆனால் அந்தப் பெண் அப்படி ஓடி வந்திருக்காவிட்டால் அவர் பேசுவது எதுவும் நம் நெஞ்சில் இறங்காது. அழுகையை முகத்தில் காட்டிவிட்டு ஓடவில்லை. ஓடும்போதுதான் அழுகை வருகிறது. இந்த வரிசையை எந்த டைரக்டரும் சொல்லிக் கொடுத்து வாங்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். படம் வந்தது 1978 ஆகஸ்ட் 15. அன்றைக்கு ஷோபாவுக்கு 16 வயது முடியவில்லை.

கேள்வி: 'அழியாத கோலங்கள்' டீச்சருக்கும் அதே வயதா? நம்பவே முடியவில்லை. – மதுரையிலிருந்து ஒரு அக்கா

கிட்டத்தட்ட அதே வயதுதான் அக்கா. 1979 கடைசியில் வந்த படம். அவர் பிறந்தது 1962 செப்டம்பர். கணக்குப் போட்டால் 17. டீச்சரைப் பார்த்து ஏங்கும் அந்தப் பையன்களுக்கு அக்கா வயதுதான். காட்டன் புடவையும் நிதானமான நடையும் அந்த வயதை மறைத்துவிட்டன.

கேள்வி: 'பசி'க்கு என்ன விருது?

1979-ம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. துரை இயக்கம். தெருவில் காகிதம் பொறுக்கும் குப்பம்மா, லாரி டிரைவரை நம்பி மோசம்போகிறாள். அப்பாவாக டெல்லி கணேஷ். குப்பம்மாவைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள் என்று ஷோபா ஒரு இடத்திலும் கேட்கவில்லை. பசி அந்தப் பெண்ணுக்குப் பழக்கமான ஒன்று, அவ்வளவுதான், அப்படித்தான் நடித்திருக்கிறார்.

கேள்வி: ஏன் இறந்தார்? யார் காரணம்?

1980 மே 1 அன்று, 17 வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அதற்கு மேல் பேசப்படுவதை நான் திருப்பிச் சொல்லமாட்டேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறோம். அவர் எப்படி நடித்தார் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அது மனசைச் சுடுகிறது. இதைப் படிக்கிற யாருக்காவது அப்படிப்பட்ட எண்ணம் வந்தால், நெருக்கமான ஒருவரிடம் இன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள். தயவுசெய்து.

கேள்வி: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

'நிழல் நிஜமாகிறது'. பாலசந்தர் படம். கமல், சுமித்ரா இருவருக்கும் நடுவில் வேலைக்காரி திலகமாக வருகிறார். கண் அவர்மேல்தான் போகும். மலையாளம் புரியுமென்றால் 'சாலினி என்டெ கூட்டுகாரி'யையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அவர் போன பிறகு ஏதாவது படம் வந்ததா?

'மூடுபனி', அதே 1980-ல். நடிகர் பிரதாப் போத்தன் கிட்டாரோடு 'என் இனிய பொன் நிலாவே' பாடுகிறாரே, அந்தப் படம். பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஷோபாவின் முகத்தைப் பாருங்கள்.