அத்தான் இல்லாதவர் எங்கே போவார்?

கேள்வி: போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியோடு டூ வீலரில் கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் போலீஸ் செக்கிங். ஹெல்மெட் போடவில்லை, தப்புதான். ஆனால் இரண்டு கிலோமீட்டர்தான் தூரம். வண்டி நிற்பதற்குள் ஒருவர் சாவியை உருவிவிட்டு 'எறங்குலே' என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவருக்கு என் மகன் வயது இருக்கும். மனைவி முன்னால் இப்படி ஒரு அவமானம்! டிபார்ட்மெண்டில் இருக்கும் என் அத்தானுக்குப் போன் போட்டுக் கொடுத்த பிறகுதான் 'சார்' வந்தது, அனுப்பி வைத்தார்கள். எம்-சாண்ட் லாரிகள் ஜம்மென்று போகின்றன, நாங்கள்தான் இளிச்சவாயர்களா? அந்தப் போலீஸ்காரர் மேல் புகார் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: கொடுக்கலாம். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

சாவியை உருவியது அடாவடி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எத்தனை தடவை புரட்டினாலும் வண்டிச் சாவியைப் பிடுங்கு என்று ஒரு பிரிவு கிடையாது. சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது 130-ஆவது பிரிவு. பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்றால் வண்டியையே பிடித்து வைக்கலாம் என்கிறது 207. ஹெல்மெட் அந்தக் கணக்கில் வராது. அதற்கு 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கமும்தான் சட்டம் சொல்வது. சாவிக்குக் கை நீட்டுகிறவருக்கும் வண்டியை விரட்டுகிறவருக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடியில், ஹெல்மெட் செக்கிங்கில் நிற்காமல் போன பைக்கை ஒரு இன்ஸ்பெக்டர் விரட்டிப்போய் எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்துபோனார். 1,000 ரூபாய்கூட இல்லை, அன்றைய அபராதம் அதைவிடக் குறைவு.

'எறங்குலே'க்கு வருவோம். நம்ம பக்கத்தில் 'லே'யைத் தப்பு என்று சொன்னால் வாயே திறக்க முடியாது. தாய்மாமன் சொல்லுவார், கூடப் படித்தவன் சொல்லுவான், டீக்கடையில் பழகின ஆள் சொல்லுவார். யாரும் கோபப்படுவதில்லை. அதையே முன்பின் தெரியாத காக்கிச் சட்டைக்காரர் ரோட்டில் வைத்துச் சொன்னால் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது, ஏனென்றால் திருப்பி 'என்னலே' என்று கேட்க உங்களால் முடியாது. ஒருபக்கம் மட்டும் சொல்லக்கூடிய 'லே' உறவு இல்லை. உங்களுக்குப் பட்ட வலி நியாயமானது. கை காட்டி நிறுத்தினாலே நம்ம ஊர்க்காரனுக்கு வயிற்றைக் கலக்குவதற்கும் காரணம் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை அடைக்கும் நேரத்துத் தகராறில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் பிடுங்கினார்கள் என்று புகார் வந்தது. அப்படி ஒரு தகராறு எங்கே போய் முடியும் என்று பார்த்த ஜனங்கள், லைசென்ஸ் கேட்டாலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்வார்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு, அது உங்களுக்கு நேர்ந்திருக்காது. காலேஜ் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டியை ஓரங்கட்டியதும் முதல் கேள்வி 'எந்த ஊரு?'. அடுத்தது 'எந்தத் தெரு?'. மூன்றாவது 'யாரு மவன்?'. லைசென்ஸ் நாலாவதாகத்தான் வருகிறது. விலாசம் லைசென்ஸிலேயே அச்சடித்திருக்கிறதே, பிறகு தெரு எதற்கு? எதற்கு என்று திருநெல்வேலிச் சீமையில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதிலைப் பொறுத்து சில பையன்களுக்கு அறிவுரை கிடைக்கிறது, சில பையன்களுக்கு வேறு கிடைக்கிறது.

சரி, இப்போது உங்கள் பக்கம். இரண்டு கிலோமீட்டர்தான் என்கிறீர்கள். ரோட்டுக்கு உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று தெரியாது. 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் கணக்கு. அதில் ஓட்டாமல் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் மட்டும் 14,337 பேர். உங்கள் மனைவி கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், உங்கள் அவமானத்துக்குச் சாட்சியாக. அவர் தலையில் என்ன இருந்தது? மல்லிகைப்பூ இருந்திருக்கும், கல்யாண வீடாயிற்றே. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது 129-ஆவது பிரிவு.

இதுகூடப் பரவாயில்லை, நாம் எல்லாரும் செய்கிற தப்பு. என்னை உறுத்தியது அத்தான். 'லே' என்றவர் 'சார்' என்று மாறியதும் உங்களுக்குக் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது, கடிதத்தில் தெரிகிறது. அவர் 'நீ யாருலே' என்று கேட்டார், நீங்கள் 'நான் யார் தெரியுமா' என்று பதில் சொன்னீர்கள். இரண்டும் ஒரே பாஷை. அங்கே ஹெல்மெட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

உங்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன? சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி சேரன்மகாதேவியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஓரத்தில் நின்ற சிறப்பு எஸ்.ஐ. டார்ச் அடித்து நிறுத்தினார். கண்ணாடியை இறக்கும்போதே என் கை பிரஸ் கார்டை எடுத்துவிட்டது. அவர் அதை வாங்கக்கூட இல்லை. "சார், நான் லைசென்ஸ்தானே கேட்டேன்?" என்றார், ரொம்ப நிதானமாக. லைசென்ஸ் சரியாக இருந்தது. இன்சூரன்ஸ் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது, எனக்கே தெரியாது. 2,000 ரூபாய். ரசீதைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கே போட்டுருங்க சார், யாரையாவது இடிச்சா வீட்டை வித்துதான் கட்டணும்" என்றார். அந்த மனுஷன் ஒரு 'லே' போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், வந்து நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் பத்து நிமிஷம் நின்று போகிற வண்டிகளைப் பாருங்கள். போலீஸ், பிரஸ், அட்வகேட், தலைவர் படம், சமுதாயக் கலர், நம்பர் பிளேட்டில் நம்பரைத் தவிர எல்லாம் இருக்கும். தம்பி ஒருவன் கோர்ட்டில் டைப்பிஸ்ட், வண்டியில் தராசுச் சின்னம். எல்லாமே முன்கூட்டி நீட்டிய பிரஸ் கார்டுதான். நிறுத்துவதற்கு முன்பே 'நான் யார் தெரியுமா'. சென்னையில் 2024 மே மாதம் இந்த மாதிரி ஸ்டிக்கர்களுக்கு ஃபைன் போட ஆரம்பித்தார்கள்.

அதே மே மாதம் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி போகிற அரசு பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றார். கண்டக்டர் எடுத்தே ஆக வேண்டும் என்றார். டியூட்டிப் பயணத்துக்கான வாரண்ட் இருந்தால்தான் இலவசம் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அவ்வளவுதான், பல ஊர்களில் அரசு பஸ்களுக்கு ஃபைன் மழை. நோ பார்க்கிங்கில் நின்றது, டிரைவர் சீட் பெல்ட் போடவில்லை. எழுதிய கேஸ் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த பஸ்கள் முந்தின வாரமும் அதே இடத்தில்தான் நின்றன, டிரைவர்கள் முந்தின வாரமும் பெல்ட் போடவில்லை. அப்போது தெரியாத சட்டம் ரோஷம் வந்ததும் தெரிந்தது. அப்புறம் அந்தப் போலீஸ்காரரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள், எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். ஃபைனை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பதை ரோஷமும் சமாதானமும் முடிவு செய்கிற ஊரில், உங்கள் அத்தானின் போன் ஒரு சின்ன விஷயம்தான்.

லாரி விஷயத்தில் உங்கள் கோபம் சரி. ஆலங்குளம், கடையம் பக்கத்து ஜனங்களைக் கேட்டால் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரிகளைப் பற்றி இன்னும் காரமாகச் சொல்வார்கள். அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடுதல் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். சட்டம் இவ்வளவு பலமாக இருந்தும் லாரி நிற்பதில்லை என்றால், லாரிக்கும் ஒரு அத்தான் இருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் அத்தானைவிடப் பெரிய அத்தான். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போகும் போலீஸ்காரருக்கோ யாரும் கை காட்டுவதே இல்லை. சட்டத்தைச் செயல்படுத்த வேண்டியவர்களே மீறினால் இரட்டிப்பு அபராதம் என்று 2019 திருத்தத்தில் 210-பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்தப் பிரிவில் ஒரு சலானை யாராவது பார்த்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அட்டையில் போடுகிறேன்.

இப்போது புகார். நாள், நேரம், இடம், மார்பில் குத்தியிருந்த பெயர், இவற்றோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் எழுதலாம். நீங்கள் அன்றைக்கே அபராதம் கட்டியிருந்தால் எந்த இடம், எத்தனை மணி என்பதெல்லாம் இ-சலானிலேயே இருந்திருக்கும். உங்களிடம் சலான் இல்லை. அத்தான் பேசிவிட்டார், 1,000 ரூபாய் மிச்சம். அந்த வளைவில் அன்றைக்கு நீங்கள் நின்றதற்கே ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

உங்களோடு ஓரங்கட்டப்பட்ட வேறு யாராவது சலான் வாங்கிக்கொண்டு போனார்களா? அவரைத் தேடிப் பிடியுங்கள். சாட்சி அவர்தான். கட்டாயம் அத்தான் இல்லாதவராகத்தான் இருப்பார்.